‘எப்படியாவது’ என்று நான் எழுதிய சீட்டு

எபி,

இந்தக் கடிதத்தை முதலில் ‘அனுப்புநர், பெறுநர், பொருள்’ என்றுதான் ஆரம்பித்தேன். முப்பத்துநான்கு வருடப் பள்ளிக்கூடப் பழக்கம். விடுப்புக் கேட்டும், கூரை ஒழுகுகிறதென்றும், சத்துணவு அரிசி வரவில்லையென்றும் எழுதி எழுதி, வெள்ளைத் தாளைப் பார்த்ததும் கை தானாக இடது ஓரத்துக்குப் போய்விடுகிறது. ‘பொருள்’ என்று எழுதிவிட்டு, அதற்கு எதிரில் என்ன போடுவது என்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு உன் பெயரோடு ஆரம்பித்தேன். இதை ஸ்ரீபெரும்புதூர் போய் ஜெராக்ஸ் எடுக்கப்போகிறேன். கையால் எழுதியது உனக்கு. மற்றவற்றில் ஒன்றைச் சபையின் அறிவிப்புப் பலகையில் குத்திவைப்பேன். யாராவது கிழித்தால் இன்னொன்று வைப்பேன். அம்மா மகனுக்கு எழுதுவதை ஊரார் ஏன் படிக்க வேண்டும் என்று நீ கோபப்படலாம். வகுப்பு முழுவதற்கும் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுக் காட்டிவிட்டு, ஒரே ஒரு பிள்ளையை மட்டும் தனியாகக் கூப்பிட்டு ‘நான் சொன்னது தப்பு’ என்கிற டீச்சரைப் பற்றி நீ என்ன நினைப்பாய்? கரும்பலகையில் செய்த தப்பைக் கரும்பலகையில்தான் அழிக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் சபையில் எழுந்து பேசியதால் பாஸ்டர் உன் கல்யாண ஓலையை வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை சொல்பவர் உண்டா என்று மூன்று ஞாயிறு சபையில் வாசித்தால்தான் அந்தக் கோயிலில் கல்யாணம் நடக்கும் என்பது உனக்குத் தெரியும். அதை நான் கெடுத்துவிட்டேன் என்பதும் இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். ஒரு வாரமாக நீ போன் எடுக்கவில்லை. நீ இருக்கும் குன்றத்தூர் அறைக்குக் கீழே உள்ள மளிகைக் கடைக்காரர், நான் எத்தனை முறை கூப்பிட்டாலும் “மேல சொல்லிட்டேம்மா, தம்பி வர்ல” என்கிறார். ஆகவே எழுதுகிறேன். என்ன பேசினேன் என்பதை விட, ஏன் பேசினேன் என்பதை நீ என்னிடமிருந்துதான் கேட்க வேண்டும். அதற்கு உன் ஆறாவது வயதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

என் சிவப்பு மைப் பேனாவை எடுத்து உன் நோட்டில் நீயே ‘மிக நன்று’ என்று போட்டுக்கொண்டாய். யாருடா போட்டது என்று கேட்டேன். பெரிய டீச்சர் என்றாய். இந்தப் பக்கத்தில் அம்மாக்கள் எல்லோரும் “பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும்” என்பார்கள். நான் கிறிஸ்தவள் அல்லவா? “பொய் சொன்னா யேசப்பா கண்ணக் குத்துவாரு” என்றேன். சாமியை மாற்றினேனே தவிர குத்துவதை மாற்றவில்லை. இரண்டே நாளில் உனக்கு மெட்ராஸ் ஐ வந்துவிட்டது. கண் இரண்டும் கோவைப்பழமாகிப் பீளை கட்டி ஒட்டிக்கொள்ள, நீ சுவரோரமாக உட்கார்ந்து, “நான்தாம்மா போட்டேன், குத்த வேணாம்னு சொல்லும்மா” என்று அழுதாய். அன்றைக்கு நான் என்ன செய்திருக்க வேண்டும்? கண்ணா, இது ஒட்டிக்கொள்ளும் வியாதி, பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அலைகிறார்கள் பார் என்று சொல்லியிருக்க வேண்டும். “இனிமே பொய் சொல்லுவியா?” என்றேன். பலன் கிடைக்கிறதே, எதற்கு விட வேண்டும்? அடுத்த வாரம் எனக்கும் கண் வலி வந்தது. “நீ இன்னாம்மா பொய் சொன்ன?” என்று கேட்டாய். தூசி விழுந்துவிட்டது என்றேன். அதுதான் நான் சொன்ன பொய்.

சிரிக்காதே. அந்தக் கண்குத்தி சாமியை உனக்குள் ஏற்றிவைத்தவள் நான். எனக்குள்ளும் அவர்தான் இருந்தார், உருவம்தான் கொஞ்சம் பெரிது. பரலோகம் என்பது கல்வி அலுவலகத்தின் மேல்மாடி என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. ஜெபம் பண்ணும்போது ‘நீர்’, ‘உமது’, ‘உம்மை’ என்று நாக்கை மடித்துப் பேசுவேன். வீட்டில், பள்ளியில், மார்க்கெட்டில், எங்கேயும் நம் பக்கத்தில் யாரும் யாரையும் நீர் என்பதில்லை. நீ உண்டு, நீங்க உண்டு. நீர் என்பது கடவுளுக்கென்று ஒதுக்கிய அலுவலக மொழி என்று நம்பினேன். பணிவோடு எழுத வேண்டும், சரியான வார்த்தை போட வேண்டும், அதிகாரி நல்ல மனநிலையில் இருக்கும்போது மேசைக்குப் போக வேண்டும். உன் அப்பா இறந்தபோதுகூட நான் கடவுளிடம் அழவில்லை. ‘உமது சித்தம்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் கார் கம்பெனிகள் வந்தன. ஏரிக்கரையோரம் வரை காம்பவுண்டுச் சுவர் எழும்பியது. நீ ஐ.டி.ஐ. முடித்து, கார்க் கதவுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் காண்ட்ராக்ட்டில் சேர்ந்தாய். அங்கே பிரஸ் மெஷினில் உன்னோடு நின்றவன் இசக்கிமுத்து, திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். ஆர்டர் கூடக் கூட ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. வந்தது. நீ கோயிலுக்கு வருவது நின்றது. சபையில் உன் இடம் காலியாக இருந்தது எனக்குப் பெரிய வருத்தம் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், “டீச்சர் புள்ளயே வர்றதில்ல” என்று பெஞ்சில் பேசிக்கொண்டதுதான் வருத்தம். அந்த நாளில் பாஸ்டர் வாசலில் ஒரு ஜெபப் பெட்டி வைத்திருந்தார். தேவையைச் சீட்டில் எழுதிப் போட்டால் அவர் எடுத்து ஜெபிப்பார், பெயர் வேண்டாம். நான் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, வரி கோணாமல் இப்படி எழுதினேன்: ‘என் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைக்குச் செல்வதைத் தாங்கள் எப்படியாவது நிறுத்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

எப்படியாவது. பிள்ளைகள் கட்டுரையில் இந்தச் சொல்லைப் போட்டால் சிவப்பு மையால் சுழித்து, ‘எப்படி என்று தெளிவாக எழுது’ என்பவள் நான். என் சீட்டில் நானே சுழிக்காமல் விட்டேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், உன் வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது உன்னை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். உங்கள் சூப்பர்வைசர் வெளியே பெஞ்சில் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை, அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. “அழுவாதம்மா. எல்லாம் அவன் செயல். நம்ம கைல இன்னா கீது சொல்லு?” என்றார். விரல் போன பிள்ளையின் அம்மாவிடம் ‘நம்ம கையில் என்ன இருக்கிறது’ என்று சொல்கிறோமே என்றுகூட அவருக்கு உறைக்கவில்லை. அவ்வளவு தேய்ந்துபோன வாசகம் அது. நானும் தலையாட்டினேன். அவர் போன பிறகுதான் இசக்கிமுத்து வாயைத் திறந்தான். “டீச்சர், ரெண்டு பட்டனையும் ரெண்டு கையால அமுக்குனாத்தான் பிரஸ் எறங்கும். அப்படித்தான் வச்சிருக்கான் மெஷின் செஞ்சவன். கை உள்ள இருந்தா எறங்கக் கூடாதுல்லா? ஒரு பட்டன்ல மரச்சக்கைய வச்சு அடிச்சி, அமுங்குன மானிக்கே நிறுத்தியிருந்தானுவ. ஒத்தக் கையால அமுக்குனா வேல சீக்கிரம் ஓடும், டார்கெட் ஏறும்.” கட்டை விரல் அளவு இருக்கும் என்று காட்டினான். அவ்வளவுதான் எபி. எல்லாம் எவன் செயல் என்று கேட்டால் பதில் கட்டை விரல் அளவுதான் இருந்தது. அதை அடித்தவனுக்கு ஒரு கையும், அடிக்கச் சொன்னவனுக்கு ஒரு வாயும் இருந்தன. ஆனால் மேலே ஒருவரைக் காட்டிவிட்டால் கீழே யாரும் எழுந்து நிற்க வேண்டாம். எல்லாம் அவன் செயல் என்பதைப் பக்தி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதி நேரம் அது பொறுப்பைக் கழற்றி மாட்டும் ஆணி.

அந்த வராந்தாச் சுவரில் ஒரு காலண்டர் இயேசு இருந்தார். நீயும் பார்த்திருப்பாய். ரோஜா நிறக் கன்னம், சுருள் சுருளாய்ச் சீவிய முடி, பன்னீரில் கழுவியது போன்ற கை. தச்சுப் பட்டறையில் வளர்ந்தவர் என்கிறோம், அந்தக் கையில் ஒரு சிலாம்புகூட ஏறியிருக்காது. பெரிய வீட்டு மாப்பிள்ளை போட்டோ மாதிரி நம் எல்லோரையும் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். இசக்கிமுத்து அவர் எதிரே போய் நின்றான். அவன் வேறு சாமி கும்பிடுகிறவன். இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “என்னவே, நீரு பாத்துக்கிட்டுத்தான இருந்தீரு? ஒரு சத்தம் குடுத்தா ஒமக்கு வாயி வலிக்குமோ?” என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திட்டியதற்காக இல்லை. நீர், உமக்கு என்ற என் ஜெப வார்த்தைகள், கல்யாண வீட்டில் பந்தி போடும்போது பேசுகிற வார்த்தைகள் போல அவன் வாயிலிருந்து விழுந்தன. “என்னப்பா அப்படிப் பேசுற?” என்றேன். “எங்கூர்ல கூட்டாளிய அப்படித்தான் பேசுவோம் டீச்சர். மரியாதையும் உண்டு, உரிமையும் உண்டு. நீங்க அவர எப்படிக் கூப்பிடுவீய?” “நீர்னுதான்.” “பெறகென்ன, நாலு வார்த்த சண்ட போட வேண்டியதுதான?” என்று சொல்லிவிட்டு, உனக்கு டீ வாங்கப் போய்விட்டான். நீ மயக்கத்தில் இருந்தாய். அந்த டீயை நான்தான் குடித்தேன்.

அன்றே எனக்குப் புத்தி வந்திருந்தால் இந்தக் கடிதம் வேண்டியிருக்காது. வரவில்லை. நீ கட்டோடு சபைக்கு வந்த முதல் ஞாயிறு பாஸ்டர் என் சீட்டை எடுத்து வாசித்தார். “ஒரு தாய் எழுதியிருக்கிறாள். என்ன எழுதியிருக்கிறாள்? எப்படியாவது! சொல்லுங்கள், எப்படியாவது!” சபை திருப்பிச் சொன்னது. “கர்த்தர் எப்படியாவது செய்தாரா இல்லையா? எபி, எழுந்து நில்லப்பா, கையைத் தூக்கு!” நீ எழுந்தாய். கையைத் தூக்கவில்லை. கீபோர்டு வாசிக்கிற தம்பி ஒரு நீளமான சுரத்தை அழுத்திப் பிடித்தான். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். எபி, நானும் ஸ்தோத்திரம் என்றேன். சத்தமாகச் சொன்னேன். நான் சீட்டுப் போட்டதைப் பார்த்திருந்த எஸ்தர் அக்கா பக்கத்திலிருந்து என் தொடையைத் தட்டி, “இன்னா டீச்சர், உன் ஜெபத்துக்கு எம்மாம் பவர் கீது பாத்தியா” என்று காதோடு சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு நிமிடம்தான், ஆனால் இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் நீ ஜன்னலைப் பார்த்தபடி, “யாரும்மா அந்தத் தாய்?” என்று கேட்டாய். “யாரோ” என்றேன். தூசி விழுந்துவிட்டது என்றேனே, அதே வாயால். அடுத்த வாரம் நீ துணிப் பெட்டியை எடுத்துக்கொண்டு இசக்கிமுத்துவின் அறைக்குப் போனாய். உனக்கு அன்றே தெரியும் என்று இசக்கிமுத்து இப்போது சொல்கிறான். தெரிந்திருந்தும் நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தச் சீட்டை வாசித்து நிறைவேற்றிய கடவுளைப் பற்றி இந்த மூன்று வருடம் யோசித்திருக்கிறேன். ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு அம்மா என்னிடம் வந்து, “டீச்சர், எம்புள்ள கிளாஸ்ல பேசிக்கினே இருக்கான், எப்படியாவது வாய அடக்குங்க” என்கிறாள். நான் அவன் நாக்கை அறுத்துவிடுகிறேன். மறுநாள் ஊரார் எனக்கு மாலை போடுவார்களா, போலீஸ் ஜீப் வருமா? அறிவுகெட்டவள் எழுதியதில் அறிவில்லாததைத் தள்ளிவிட்டு, அவள் மனதில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ள ஒரு சாதாரண இடைநிலை ஆசிரியைக்கே தெரிகிறது. வானத்தையும் பூமியையும் உண்டாக்கியவருக்குத் தெரியாதாம். பியூன் மாதிரி சீட்டை வாங்கிக்கொண்டு, ரவுடி மாதிரி காரியத்தை முடிப்பாராம். முடித்துவிட்டு ஸ்தோத்திரத்துக்குக் காத்திருப்பாராம். இப்படி ஒரு ஆள் பக்கத்துத் தெருவில் குடியிருந்தால் பிள்ளைகளை அந்தப் பக்கம் விளையாடவே விடமாட்டோம். கோயிலில் இருந்தால் முழங்கால் போடுகிறோம். எனக்கு அவர்மேல் இப்போது பயமும் இல்லை, கோபமும் இல்லை. எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த பழைய துணியைப் பார்ப்பது போல இருக்கிறது.

அவருடைய பங்காளிகள் இந்தச் சாலை நெடுக இருக்கிறார்கள். தண்டலம் தாண்டி ஒரு சுவர் விடாமல் அற்புதப் பெருவிழாப் போஸ்டர்தான். கோட்டு போட்ட ஊழியக்காரர் பெரிதாக, இயேசு மூலையில் தபால்தலை அளவு. ஷேர் ஆட்டோவின் பின்னால் ‘இது இயேசு கொடுத்த வண்டி’ என்று ஒட்டியிருக்கும், பதினான்கு பேரை ஏற்றச் சொன்னவரும் அவர்தானா என்று தெரியவில்லை. ‘என் மகனுக்குக் கம்பெனியில் பெர்மனெண்ட் ஆயிற்று, கர்த்தர் நல்லவர்’ என்று ஒருத்தி சாட்சி சொல்வாள். பெர்மனெண்ட் ஆகாதவனுடைய அம்மா மூன்றாவது பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டிருப்பாள். அவளுக்குக் கர்த்தர் எப்படியாம்? இதையெல்லாம் நம்புகிறவர்களை நான் இகழவில்லை எபி. நானே முப்பது வருடம் நம்பியவள். சோறு கேட்டு வந்த பிள்ளைக்குச் சோற்றின் படத்தைக் கொடுத்து, சாப்பிட்டாயா, ருசித்ததா, சாட்சி சொல் என்கிறவர்களைத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் நீ செல்வியைப் பற்றிச் சொல்ல வந்தாய். ஒரகடத்தில் நீ இப்போது ஸ்டோர்ஸில் இருக்கும் கம்பெனியிலேயே தரம் பார்க்கிற பெண், வாலாஜாபாத்துக் குடும்பம், கோயிலில்தான் கல்யாணம் என்று அவள் அப்பா பிடிவாதமாக இருக்கிறார் என்றாய். பாஸ்டரைப் பார்த்தோம். “ஓலை வாசிக்கிறதுக்கென்ன, வாசிக்கலாம். முதல்ல தம்பி அந்தக் கைக்கு ஒரு சாட்சி சொல்லட்டும். சபைய விட்டுப் போனேன், கர்த்தர் அடிச்சார், அணைச்சார்னு நாலு வார்த்தை” என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கல்யாணத்தில் வலது கையைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும், வீடியோவில் நன்றாக இருக்காது, வெள்ளைக் கையுறை போட்டு இரண்டு விரலில் பஞ்சு அடைத்துவிடுங்கள் என்று யோசனை சொன்னார். சாட்சிக்கு உன் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும், வீடியோவுக்கு மறைக்க வேண்டும். இதில் உள்ள முரண் எனக்கு அப்போது தெரியவில்லை பார். காஞ்சிபுரம் போய்க் கையுறை வாங்கிவந்தேன். உன் இடது கையின் அளவை நினைவில் வைத்துப் பஞ்சை உருட்டி அடைத்தேன். நல்ல வேலைப்பாடு. மேசைமேல் வைத்துப் பார்த்தால் முழுக் கை.

பிறகு ஒரு நாள் வந்துவிட்டு நீ கிளம்பும்போது வாசலில் நின்று, “சொல்லிட்டுப் போறேம்மா. செல்விக்காவ நாலு வார்த்தை தானே” என்றாய். முகத்தில் ஒன்றுமில்லை. ஆறு வயதில் ‘நான்தாம்மா போட்டேன்’ என்றபோது இருந்த பயம்கூட இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. கண்குத்தி சாமி ஒன்றும் வானத்திலிருந்து வரவில்லை. நான் பேச்சில் செய்தேன், பாஸ்டர் மைக்கில் செய்தார், சூப்பர்வைசர் பெஞ்சில் உட்கார்ந்து செய்தார். இனி உன் வாயாலேயே உன் கையை அவருக்குக் கொடுக்கப்போகிறாய். நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, “இன்னாப்பா வெரல்?” என்று கேட்டால், சபையில் சொன்னதைத்தான் அதற்கும் சொல்வாய். வேறென்ன சொல்வாய்? அந்தப் பிள்ளையின் கண்ணுக்கும் ஒரு குத்து தயார்.

நீ போன பிறகு கையுறையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிலுவையில் அடிக்கப்பட்டு எழுந்தவர் சீஷர்கள் முன்னால் வந்து நின்றபோது கையை நீட்டிக் காட்டினார். ஆணித் தழும்பு அப்படியே இருந்தது. சாவையே ஜெயித்து வந்தவருக்கு இரண்டு ஓட்டைகளைத் தூர்ப்பது பெரிய காரியமா? தூர்க்கவில்லை. பஞ்சும் அடைத்துக்கொள்ளவில்லை. சந்தேகப்பட்டவனிடம் தொட்டுப் பார் என்றார். ஐம்பது வருடமாக இதைக் கேட்டிருக்கிறேன், பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். அது, கை போனவனின் கையைப் பிடிக்க வந்த இன்னொரு கை என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. அந்தச் சக்கையை ஏன் அவர் தட்டிவிடவில்லை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரியாது என்றே எழுதுகிறேன். தெரிந்ததாக ஒரு பதில் சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவும் வந்தது. ஆனால் அவர் அடித்தவன் பக்கம் நிற்கவில்லை, அடிபட்டவன் பக்கம் நின்றார் என்பது எனக்குத் தெரியும். அன்று நான் முதன்முதலாக, கையைக் கட்டாமல், கண்ணை மூடாமல், “என்னய்யா, நீர் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீர்?” என்று சத்தம் போட்டேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. அறுபது வயதில் நான் செய்த முதல் ஜெபம் அதுதான்.

போன ஞாயிறு, நீ இன்னும் சாட்சி சொல்ல வந்திராதபோது, சாட்சி நேரத்தில் பாஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்து, “டீச்சரம்மா கல்யாண சந்தோஷத்தைச் சொல்லுவாங்க” என்றார். எழுந்தேன். “மூணு வருஷத்துக்கு முன்னாடி இங்க ஒரு சீட்டு வாசிச்சீங்க. அத எழுதின தாய் நான்தான். ‘எப்படியாவது’ன்னு எழுதினது என் முட்டாள்தனம். அதக் கேட்டு எம்புள்ள விரல எடுத்தது கடவுள் இல்ல. பட்டன்ல அடிச்சு வச்ச ஒரு மரச்சக்க. அன்னைக்கு ஸ்தோத்திரம்னு சொன்னேன். அத வாபஸ் வாங்கிக்கிறேன்” என்றேன். கீபோர்டு தம்பிக்கு எந்தக் கட்டையை அழுத்துவது என்று தெரியவில்லை. எஸ்தர் அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்து, “இன்னா டீச்சர், ஸ்தோத்திரத்தப் போயி யாராச்சும் வாபஸ் வாங்குவாங்களா, குந்து” என்றாள். மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி, யாரென்று சொல்ல மாட்டேன், தலையை நிமிர்த்திப் பார்த்தாள். ஆராதனை முடிந்ததும் சீட்டைத் திருப்பிக் கேட்டேன். அது சபையின் சாட்சி, கொடுக்க முடியாது என்றார் பாஸ்டர். ஓலையும் வாசிக்க முடியாது என்றார். வைத்துக்கொள்ளட்டும். அந்தக் கடவுளுக்கு அவரும் அவருக்கு அந்தக் கடவுளும் துணையாக இருக்கட்டும்.

நான் பேசியதில் உன் கல்யாணம் தடைபடுமே என்று வெளியே வந்த பிறகுதான் பயம் பிடித்தது. மறுநாள் காலை வாலாஜாபாத் பஸ் ஏறினேன். செல்வியின் அப்பாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். “எங்க கோயில்லயே வாசிக்கச் சொல்றேன். ஆனா இப்படியா டீச்சரம்மா போட்டு ஒடைப்பீங்க” என்றார். செல்வி காபி கொண்டுவந்தாள். கையுறையை எடுத்துக் காட்டினேன். அவள் அதில் பஞ்சு அடைத்த விரலை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள். “இது யாரு கை அத்தை? இவர எனக்குத் தெரியாதே” என்றாள். அவள் தெரிந்து வைத்திருக்கிற அளவுக்கு உன் கை எனக்குத் தெரியாது எபி. கட்டுப் பிரித்த நாளிலிருந்து இன்றுவரை நான் அதைத் தொட்டதில்லை. சாப்பாடு போடும்போது தட்டைப் பார்ப்பேன். நீ டம்ளரை நீட்டினால் அடியைப் பிடித்து வாங்குவேன். நீ கவனித்திருப்பாய்.

கையுறையிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டேன். கல்யாணத்தில் அவள் கையை வெறும் கையால் பிடி. யார் பார்த்தாலும் பார்க்கட்டும்.

நான் அங்கே இருக்க வேண்டுமா வேண்டாமா என்பது உன் விருப்பம். எப்படியாவது வா, எப்படியாவது கூப்பிடு, எப்படியாவது மன்னித்துவிடு என்று எழுத வந்த கையை அடக்கிக்கொள்கிறேன். அன்பு அந்தச் சொல்லைப் பேசாது என்று இவ்வளவு தாமதமாகப் படித்திருக்கிறேன். உன் கையை நான் முதலில் பிடித்தது ஸ்லேட்டில் எழுத வைப்பதற்காக. அப்போது உன்னைக் கேட்கவில்லை, பிடித்து இழுத்து வைத்து எழுதினேன். இப்போது கேட்கிறேன். என்றைக்காவது நீ வந்தால், அந்தக் கையை ஒரு தடவை என்னிடம் கொடுப்பாயா?

அம்மா